ஐந்தாம் வகுப்பு முடிகிறது: மகளை ஆறாம் வகுப்பிற்கு எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

கேள்வி: பெரம்பூரிலிருந்து ஒரு தந்தை

அனைவருக்கும் வணக்கம். என் மூத்த மகள், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியுள்ள அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் தமிழ்வழியில் படிக்கிறாள். இந்த மாதத்தோடு ஐந்தாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு முடிகிறது. அந்தப் பள்ளியில் ஐந்து வரைதான் உண்டு என்பதால், ஜூன் மாதம் அவளை வேறொரு பள்ளியில் சேர்த்தாக வேண்டும். நான் ஓர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். என் மனைவி மருந்துக் கடை ஒன்றில் பில் போடும் வேலையில் இருக்கிறார். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 38,000 ரூபாய் வரும். மகன் இப்போதுதான் இரண்டாம் வகுப்பு. பதில் எழுதுகிறவர்களுக்கு எங்கள் நிலை தெரிந்திருந்தால் நல்லது என்பதால் இவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று பள்ளிகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடத்தில் நடந்தே போய்விடக்கூடிய அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. இன்னொன்று, எழும்பூர்ப் பக்கம் உள்ள, நூறு ஆண்டுகளைக் கடந்த, அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி. என் அக்கா அங்கேதான் பிளஸ் டூ வரை படித்தார், இன்றைக்கும் அந்தப் பள்ளியின் பெயரைச் சொல்லும்போது அவர் முகம் மலரும். மூன்றாவது, வேன் வசதியுள்ள ஒரு தனியார் மெட்ரிக் பள்ளி. அங்கே ஆண்டுக் கட்டணம் 55,000 ரூபாய், வேனுக்குத் தனி.

மூன்றாவது பள்ளியில் நடந்ததை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு போனோம். ஒரு மணி நேரம் எழுத்துத் தேர்வு வைத்தார்கள். வெளியே வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கணக்கெல்லாம் போட்டுவிட்டேன் அப்பா, ஆனால் என்ன கேட்கிறார்கள் என்பதுதான் சில இடத்தில் புரியவில்லை" என்றாள். கேள்விகள் ஆங்கிலத்தில் இருந்தன. பிறகு எங்களை அறைக்குள் அழைத்து, "தமிழ்வழிப் பிள்ளை, ஆறாம் வகுப்பைத் தாங்காது, மறுபடியும் ஐந்தில் சேர்த்துக்கொள்கிறோம்" என்றும், கட்டிட வளர்ச்சிக்கு ஒரு தொகை தர வேண்டும், அதற்கு ரசீது கிடையாது என்றும் சொன்னார்கள். வீட்டிற்கு வந்த பிறகு இரண்டு நாள் அவள் சரியாகவே பேசவில்லை. மளிகைக் கடைச் சீட்டைக் கடைக்காரருக்கு முன்னால் மனத்திலேயே கூட்டிச் சொல்கிற பிள்ளை, "நான் மக்கா அப்பா?" என்று கேட்டபோது எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

உறவினர்களோ, "கடன் வாங்கியாவது தனியாரில் போடு, அரசுப் பள்ளியில் போட்டால் பெண்ணின் எதிர்காலம் என்னாவது" என்கிறார்கள். தம்பி முறை உள்ள ஒருவர், மத்திய அரசின் விடுதிப் பள்ளியான நவோதயாவுக்கு நுழைவுத் தேர்வு எழுத வையுங்கள் என்கிறார். இப்போது ஆங்கில வழிக்கு மாற்றலாமா, பத்து வயதுப் பிள்ளையைத் தினமும் எழும்பூர் வரை அனுப்பலாமா, பள்ளியை நேரில் பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பவைதான் என் கேள்விகள். அனுபவப்பட்டவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: வியாசர்பாடியிலிருந்து ஒரு தாய்

சகோதரருக்கு வணக்கம். முதலில் உங்கள் மகளிடம், கேள்வி புரியாதது வேறு, கணக்குத் தெரியாதது வேறு என்று இன்று இரவே சொல்லிவிடுங்கள். பள்ளியைத் தேடுவதைவிட அது அவசரம்.

என் மகன் மாநகராட்சி நடத்தும் ஒரு சென்னை மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அவனை ஆறாம் வகுப்பில் சேர்த்தபோது எனக்கும் உங்களுக்கு வந்த பேச்சுகள் எல்லாம் வந்தன. அப்போது எனக்கு யாரும் சொல்லாத ஒரு செய்தியை உங்களுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் அது ஆறாம் வகுப்பிலேயே தீர்மானமாகிவிடுகிறது. மருத்துவப் படிப்பில் 2020ஆம் ஆண்டிலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளில் 2021ஆம் ஆண்டிலும், தமிழ்நாடு அரசு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டைச் சட்டமாக்கியது. அதைப் பெற, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏழு ஆண்டுகளும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளும் இந்தக் கணக்கில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளிகள் சேராது. அதாவது, எட்டாம் வகுப்பு வரை வேறு பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வந்தால் கிடைக்காது. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் 25 விழுக்காட்டு இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகளுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. உங்கள் மகள் உதவி பெறும் பள்ளியில் ஐந்து வரை படித்தது இதற்குத் தடையாகாது.

அவள் பெண் பிள்ளை என்பதால் புதுமைப் பெண் திட்டத்தையும் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கியது; ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 டிசம்பர் இறுதியிலிருந்து உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கும் அதை விரிவுபடுத்தினார்கள். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேறினால், குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அது அரசு, உதவி பெறும் பள்ளிகள் இரண்டிற்குமே பொருந்தும். கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளை என்றால் ஏழாம் வகுப்பிலேயே அந்தத் தேர்வின் மனத்திறன் பகுதிக்குப் பழக்கலாம். என் மகன் அப்படித்தான் தேறினான்.

சலுகைக்காக மட்டும் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்ல மாட்டேன். என் மகனுடைய பள்ளியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். ஏழாம் வகுப்பில் நான்கு மாதம் அவனுக்கு ஆங்கில ஆசிரியர் இல்லை. அந்த நான்கு மாதமும் நாங்கள் ஆறு பெற்றோர் மாறி மாறிப் போய்க் கேட்டோம். அப்படிப் போய்க் கேட்க உங்களில் ஒருவருக்காவது நேரம் இருக்கிறதா என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள்.

பதில்: பள்ளி அலுவலகக் கணக்குப் பணியில் 18 ஆண்டுகள் இருந்தவர், அம்பத்தூர்

தனியார் பள்ளியில் உங்களிடம் கேட்ட இரண்டுமே தவறு என்பதைப் பதிவு செய்யவே எழுதுகிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு வரையிலான சேர்க்கையில் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வோ நேர்காணலோ வைத்து வடிகட்டக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கிய தொகையைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், பள்ளி எந்த வகை என்பதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடித்துச் சான்றிதழோடு வரும் பிள்ளையை மீண்டும் ஐந்தில் உட்காரச் சொல்வதும் முறையல்ல. மத்தியச் சட்டம் 2019இல் திருத்தப்பட்ட பிறகும், தமிழ்நாடு எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்காத முறையைத்தான் தொடர்கிறது. இங்கே ஐந்தாம் வகுப்பிற்குப் பொதுத் தேர்வு வைக்கப் போவதாக வந்த அறிவிப்பும் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டுவிட்டது.

கட்டண விவரம்: தனியார் பள்ளிக் கட்டணத்தை 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், டி.பி.ஐ. என்று நாம் சொல்லிப் பழகிய வளாகத்தில் அதன் அலுவலகம் இருக்கிறது. பள்ளிவாரியாக நிர்ணயித்த தொகையை இணையத்திலும் பார்க்கலாம். அதற்கு மேல் கேட்கப்படும் எந்தத் தொகைக்கும் ரசீது கேளுங்கள்.

மாற்றுச் சான்றிதழுக்காகவும் கலங்க வேண்டாம். கேட்டவுடன் தலைமையாசிரியர் தர வேண்டும் என்றும், சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும் அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. பழைய பள்ளியில் எமிஸ் என்ற இணையவழி மாணவர் விவரப் பதிவில் மகளின் பெயர் எழுத்துகள், பிறந்த தேதி, ஆதார் எண் எல்லாம் சரியாக உள்ளனவா என்று பார்த்து, பிழை இருந்தால் அங்கேயே திருத்தி வாங்கிவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகும் நேரத்தில் ஓர் எழுத்துக்காக அலைந்த பெற்றோரை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

நவோதயா பள்ளிகள் தமிழ்நாட்டில் இதுவரை இயங்கவில்லை. ராணுவப் பணிக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தும், ஆறாம் வகுப்பில் சேரக்கூடிய சைனிக் பள்ளி உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதிநகரில் உள்ளது. விடுதிப் பள்ளி, நுழைவுத் தேர்வு முன்னதாகவே நடந்து முடிந்துவிடும்.

பதில்: ஓய்வுபெற்ற அறிவியல் பட்டதாரி ஆசிரியை, கொளத்தூர்

அன்புள்ள ஐயா, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் அறிவியல் நடத்தியவள் நான். உங்கள் மூன்று கேள்விகளில் கடைசியில் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டிற்கான பதிலும் அதற்குள்ளேதான் இருக்கிறது.

ஐந்தாம் வகுப்பு வரை ஒரே ஆசிரியர் காலை முதல் மாலை வரை வகுப்பில் இருக்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், பென்சில் தொலைந்தாலும், பக்கத்துப் பிள்ளை கிள்ளினாலும் அவரிடம்தான் போகும். ஆறாம் வகுப்பில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடத்திற்கு ஐந்து பேர் வருகிறார்கள். மணி அடித்தால் முகம் மாறுகிறது. ஜூன், ஜூலை மாதங்களில் என் வகுப்பில் அழுத பிள்ளைகளில் பலர் பாடம் புரியாமல் அழுதவர்கள் அல்லர். யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் அழுதவர்கள். ஆகவே எந்தப் பள்ளிக்குப் போனாலும், ஆறாம் வகுப்பின் வகுப்பாசிரியர் யார், அவர் ஒரு நாளில் எத்தனை பாடவேளை அந்த வகுப்பில் இருப்பார் என்று கேளுங்கள். வகுப்பாசிரியர் இரண்டு பாடம் எடுப்பவராக இருந்தால் மிக நல்லது.

அடுத்து, கடந்த ஆண்டு ஆறாம் வகுப்பு படித்த ஏதாவது ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டை வாங்கிப் பாருங்கள். பக்கத்திற்குப் பக்கம் ஒரு பெரிய 'டிக்' குறியும் கையெழுத்தும் மட்டுமே இருந்தால், நோட்டு திருத்தப்படவில்லை, எண்ணப்பட்டிருக்கிறது என்று பொருள். தவறான வரியைச் சுழித்து, பக்கத்தில் இரண்டு சொல் எழுதி, மறுநாள் அந்தப் பிள்ளை அதே கணக்கைத் திரும்பப் போட்டிருந்தால், அந்த ஆசிரியரிடம் உங்கள் மகளை நம்பிக் கொடுக்கலாம். கட்டிடத்தையும் நுழைவாயிலில் தொங்கும் நூற்றுக்கு நூறு விளம்பரத்தையும்விட அந்த ஒரு கணக்கு நோட்டு அதிகம் சொல்லும்.

பள்ளியைப் பார்க்கக் காலையில் போகாதீர்கள். மதியம் மூன்று மணிக்குப் போங்கள். காலையில் எல்லாக் கழிப்பறையும் கழுவி ஈரமாக இருக்கும்; மூன்று மணிக்குத்தான் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, குப்பைத் தொட்டி இருக்கிறதா என்று தெரியும். இதை உங்கள் மனைவியும் மகளும் பார்க்கட்டும். இன்னும் ஓரிரு ஆண்டில் அவள் வயதுக்கு வரக்கூடும். கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல், மதியத்திற்கு மேல் தலைவலியோடு மேசையில் சாய்ந்து கிடந்த சிறுமிகளை நான் ஒவ்வொரு ஆண்டும் பார்த்திருக்கிறேன். அவர்களை மந்தமான பிள்ளைகள் என்று சக ஆசிரியர்கள் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். தண்ணீர் குடித்திருந்தால் அந்தப் பிள்ளை கணக்குப் போட்டிருப்பாள்.

ஆசிரியர் பணியிடம் காலியாக உள்ளதா என்பதையும் தயங்காமல் கேட்க வேண்டும். ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் விகிதம். ஒவ்வொரு பள்ளிக்கும் யு-டைஸ் என்ற பதினோரு இலக்க எண் உண்டு. அதைக் கொண்டு மாணவர், ஆசிரியர் எண்ணிக்கையையும் அங்கீகார விவரத்தையும் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள ஒரு தாயைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவருக்குத் தெரியாத செய்தி அந்தப் பள்ளியில் இருக்காது.

இனி, பயிற்று மொழி. ஆறாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடம் அளவீடுகள். ஓர் ஆண்டு ஆங்கில வழிப் பிரிவில் அந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். தமிழ்வழியில் ஐந்து வரை படித்து, அப்போதுதான் மாறி வந்திருந்த ஒரு சிறுமி, அளவுகோலை வைத்து மேசையின் நீளத்தைச் சரியாக அளந்துவிட்டு, நோட்டில் எதுவும் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். கரும்பலகையில் இருந்த 'பாரலாக்ஸ்' என்ற சொல்லை மட்டும் எழுத்துப் பிழையோடு மூன்று முறை எழுதி அழித்திருந்தாள். குனிந்து, தமிழில் கேட்டேன். "தலையைச் சாய்த்தால் கோடு நகர்ந்து போகுது மிஸ், நேரா மேலேயிருந்து பார்த்தாத்தான் நிக்குது" என்றாள். இடமாறு தோற்றப் பிழையை அதைவிடத் தெளிவாக அந்த வகுப்பில் வேறு யாரும் சொல்லவில்லை. ஆனால் அரையாண்டுத் தேர்வுத் தாளில் அவள் வாங்கியது 31. அவளுக்குத் தெரிந்ததைச் சொல்வதற்கு அவளிடம் சொல் இல்லாமல் ஓர் ஆண்டு போயிற்று. ஏழாம் வகுப்பில்தான் மீண்டாள்.

ஆகவே என் கருத்து இது. மாற்றுவதாக இருந்தால் ஆறில் மாற்றுவது, ஒன்பதிலோ பதினொன்றிலோ மாற்றுவதைவிட நல்லது. ஆனால் அந்த முதல் ஆண்டு மதிப்பெண் விழும், அதற்காக அவளைத் திட்டக் கூடாது, மாலையில் பாடத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிக் கேட்க வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் தமிழ்வழியிலேயே தொடரட்டும். நன்றாக வாசிக்கத் தெரிந்த மொழியில் அறிவியலும் கணக்கும் படித்துக்கொண்டே, தினமும் இருபது நிமிடம் ஆங்கிலத்தை வாய்விட்டு வாசித்துவந்தால், எட்டாம் வகுப்பு முடிவதற்குள் ஆங்கிலம் கைக்கு வரும். உறவினர்கள் பயப்படுவதுபோல் தமிழ்வழி ஒரு முட்டுச்சந்தும் அல்ல. நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டிடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. தமிழ்நாடு அரசுப் பணியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு; 2020ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்பதால், உங்கள் மகள் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் ஐந்து ஆண்டுகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சமச்சீர் கல்வி வந்த பிறகு, 55,000 ரூபாய் வாங்கும் மெட்ரிக் பள்ளியின் ஆறாம் வகுப்பிற்கும், உங்கள் தெருக்கோடி அரசுப் பள்ளியின் ஆறாம் வகுப்பிற்கும் பாடத்திட்டம் ஒன்றுதான். அரசுப் பள்ளியில் புத்தகத்தை இலவசமாகத் தருகிறார்கள்.

பதில்: மகளை எழும்பூருக்கு அனுப்பும் ஒரு தந்தை, அயனாவரம்

மற்றவர்கள் எல்லாரும் அருகிலுள்ள அரசுப் பள்ளியின் பக்கமே சாய்வதால், மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். என் மகள் எழும்பூரில் உதவி பெறும் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். காலை 7.40க்குப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பாள். மாணவர் பயண அட்டை இருப்பதால் செலவில்லை. முதல் ஆண்டு முழுவதும் என் அம்மா கூடவே போய் வந்தார். ஏழாம் வகுப்பிலிருந்து அதே தெருவில் உள்ள மூன்று பெண்களோடு சேர்ந்து போகிறாள்.

நீங்கள் உங்கள் அக்காவின் முகமலர்ச்சியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய மைதானம், மரங்கள், இரண்டு அறை நிறைய நூலகம், சாரணியர் இயக்கம், பாட்டுக்கு ஓர் ஆசிரியை, ஹாக்கி மட்டை பிடிக்கக் கற்றுத் தரும் உடற்கல்வி ஆசிரியை இவையெல்லாம் என் மகளுக்குக் கிடைத்திருக்கின்றன. எங்கள் குடும்பத்தில் யாரும் ஹாக்கி மட்டையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அவள் இப்போது மண்டல அளவில் விளையாடுகிறாள். பெரம்பூரிலும் அயனாவரத்திலும் வளரும் பிள்ளைக்கு ஊரின் வேறொரு பகுதியைத் தினமும் பார்ப்பதே ஒரு படிப்பு என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, உதவி பெறும் பள்ளிகள் பலவற்றில் ஆங்கில வழிப் பிரிவு சுயநிதிப் பிரிவாக இருக்கும். அதற்குக் கட்டணம் உண்டு, அரசு உதவி கிடையாது. உங்களுக்குத் தரப்படும் இடம் எந்தப் பிரிவில் என்பதைச் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, பயணம். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகள் பெரம்பூர், அயனாவரம், புரசைவாக்கம் வழியாகவே நடப்பதால், வரைபடத்தில் காட்டுகிற நேரத்தை நம்பாதீர்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் மகளையும் அவளுடைய புத்தகப் பையையும் எடுத்துக்கொண்டு, அவள் போக வேண்டிய அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். மாலையில் திரும்பியும் வாருங்கள். வீட்டிற்கு வந்ததும் அவள் முதலில் என்ன செய்கிறாள் என்று கவனியுங்கள்.

மீண்டும் கேள்வி கேட்டவர்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் சொன்னவற்றைச் செய்து பார்க்க அத்தனை நாளாயிற்று.

அயனாவரம் சகோதரர் சொன்னபடி திங்கட்கிழமை அச்சகத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு எழும்பூர் போனோம். போக 55 நிமிடம், மாலையில் வர ஒரு மணி பத்து நிமிடம். புரசைவாக்கத்தில் நின்றது நின்றபடி. பள்ளி அவர் வருணித்ததைப் போலவே அழகாக இருந்தது. நூலகத்தை விட்டு மகளை வெளியே அழைத்து வருவதே சிரமமாக இருந்தது. ஆனால் தமிழ்வழிப் பிரிவில் இடம் இல்லை, சுயநிதி ஆங்கில வழியில்தான் உண்டு என்றார்கள். வீட்டிற்கு வந்தவள் பையைக் கழற்றாமலே பாயில் படுத்துத் தூங்கிவிட்டாள். எங்கள் வீட்டில் அவளோடு போய்வர ஒரு பாட்டி இல்லை.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மூவருமாக அரசுப் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியை தயக்கமின்றி எல்லாவற்றையும் பார்க்க அனுமதித்தார். ஆறாம் வகுப்புக் கணக்கு ஆசிரியையே வகுப்பாசிரியை, நாளுக்கு இரண்டு பாடவேளை அந்த வகுப்பில் இருப்பார் என்று தெரிந்தது. நோட்டைக் கேட்டோம், சிவப்பு மையில் வரிவரியாகத் திருத்தியிருந்தார்கள். கழிப்பறையை என் மனைவியும் மகளும் பார்த்துவிட்டு வந்தார்கள். தண்ணீர் வருகிறது, சுத்தமாக இருக்கிறது, ஆனால் நான்கில் ஒரு கதவிற்குத் தாழ்ப்பாள் இல்லை என்றார்கள். தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா மேலாண்மைக் குழுவில் இருப்பது தெரிந்து அவரைப் பார்த்தேன். சமூக அறிவியலுக்கு இப்போது நிரந்தர ஆசிரியர் இல்லை என்பதை அவரே மறைக்காமல் சொன்னார். அடுத்த கூட்டத்தில் அதையும் தாழ்ப்பாளையும் சேர்த்தே பேசலாம், நீங்களும் வாருங்கள் என்றார். வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கிளம்பும் நேரத்தில் அந்தக் கணக்கு ஆசிரியை என் மகளிடம், "உனக்கு என்னம்மா பிடிக்கும்?" என்று கேட்டார். அவள் "கூட்டல்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே ஒன்றிலிருந்து பத்து வரை கூட்டச் சொன்னார். அவள் சிறிது நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, "ஒன்றும் பத்தும் பதினொன்று, இரண்டும் ஒன்பதும் பதினொன்று, அப்படி ஐந்து தடவை வருது, ஐம்பத்தைந்து" என்றாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆசிரியை என் மனைவியைப் பார்த்து, "இவளை எங்களுக்குக் கொடுங்கள்" என்றார். பிப்ரவரிக்குப் பிறகு அன்றுதான் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

அங்கேயே தமிழ்வழியில் சேர்க்கிறோம். ஆசிரியை அம்மா சொன்ன இருபது நிமிட ஆங்கில வாசிப்பை என் மனைவி ஏற்றுக்கொண்டிருக்கிறார். எமிஸ் பதிவில் மகளின் பெயரில் ஓர் ஆங்கில எழுத்துப் பிழை இருந்ததை அம்பத்தூர் ஐயாவின் பதிலைப் படித்த பிறகுதான் கண்டுபிடித்தோம். பழைய பள்ளியில் திருத்தித் தருவதாகவும் செவ்வாய்க்கிழமை மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். சேர்க்கைக்கு இரண்டு புகைப்படம் வேண்டுமாம். இன்று மாலை வேலை முடிந்ததும் அவளை ஸ்டுடியோவிற்கு அழைத்துப் போகிறேன்.